வெட்டிய குலவை

யூபா எங்கள் பாட்டைக் கெடுத்துவிடுவான் என்று நான் பயந்தது ஒரு விதம். அவன் செய்து வைத்தது வேறு விதம்.

எங்கள் அல்ஜீரிய மலைநாட்டுக் காபிலியப் பிள்ளைதான், ஆனால் தலைநகர் அல்ஜியர்ஸில் வளர்ந்தவன். எங்கள் மொழியை வாய் வெந்தவன் மாதிரி பேசுவான். ஒவ்வொரு ஊர்ச் சபையின் ஆராதனையையும் அந்த ஊர் மணத்தோடு படம்பிடித்து வெளியிடுவது அவன் ஊழியம். முன்பு வந்த ஊழியக்காரர்கள் எங்களுக்குக் கிதாரையும் பிரெஞ்சுப் பாட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவனோ கிதாரைச் சுவரில் சாத்திவிட்டு, "உங்க பெந்தீரை எடுங்கக்கா" என்றான். அந்தத் தோல்மேளத்தைச் சபைக்குள் கொண்டுவர நாங்கள் போட்ட சண்டை எங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

பாட்டு நான் கட்டியது. மணப்பெண் மாமியார் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது பாடுகிற மெட்டில், ஈஸ்டருக்காக.

"எல்லாம் சரிக்கா. 'எழுந்தார்'னு வர்ற இடத்துல குலவை எங்க?"

"இல்ல."

"கல்யாண மெட்டு, காபிலியப் பொம்பளைங்க, குலவை இல்லையா? உப்புப் போடாத கூஸ்கூஸ் மாதிரி இருக்கு."

கடைசி வரிசையில் ஃபெரூஜா அக்கா உட்கார்ந்திருந்தாள். கை தட்டவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கண்ணால் ஜாடை காட்டினேன், அவனுக்குப் புரியவில்லை. வெளியே இழுத்துப் போய்ச் சொன்னேன். போன கோடையில் மலைக்காடு பற்றி எரிந்தபோது அணைக்கப் போன அவள் மகன் கிலெஸ் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் குலவை கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தானாக வாய் திறந்து குலவையிடாதவரை மற்றவர்கள் இடமாட்டோம். சபைக்கு வருகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் என்ற வித்தியாசம் அதில் இல்லை. இரண்டு கல்யாணங்கள் ஊமையாகவே நடந்து முடிந்திருந்தன.

யூபா பவ்வியமாகத் தலையாட்டினான். கிளம்பும்போது, "பழைய கல்யாண வீடியோ இருந்தா குடுங்கக்கா, உடுப்பு, அலங்காரமெல்லாம் பாத்துக்கறேன்" என்றான். என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வீடியோ வெளியாகி என் போனுக்கும் வந்தது. அழகாகத்தான் இருந்தது. 'எழுந்தார்' என்ற இடம் வந்தது. குலவை கேட்டது.

அது யார் குரல் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுவில் ஒரு இடத்தில் உடைந்து, அப்புறம் இன்னும் மேலே ஏறுகிற குலவை எங்கள் தெருவில் ஒருத்திக்குத்தான் உண்டு. கிலெஸ் கல்யாணத்தன்று மருமகள் வாசலில் இறங்கியபோது ஃபெரூஜா அக்கா இட்டது.

யூபாவுக்குப் போன் போட்டேன். "எடுத்துடு அதை."

"ஏன்க்கா? எங்கயோ கிடைக்கிற சத்தத்தைப் போடக் கூடாது, உங்க ஊர்க் குரலாவே இருக்கட்டும்னு தேடிப் பிடிச்சேன்."

"யாரு குரலைப் பிடிச்சிருக்கேன்னு தெரியுமாடா உனக்கு?"

சொன்னேன். "இப்பவே எடுத்துடறேன்" என்றான்.

எடுத்து என்ன பிரயோசனம்? அதற்குள் ஊர் முழுக்கப் போனில் ஏறிவிட்டது. ஃபெரூஜா அக்கா கேட்பதற்கு முன்னால் நான் போய்ச் சொல்லியாக வேண்டும். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். அவள் பக்கத்து வீட்டு மல்ஹா வாசலிலேயே மறித்தாள்.

"ஃபெரூஜா குலவை போட்டுட்டாளாமே, கேட்டேன், மனசு நிறைஞ்சுபோச்சு. அப்ப நாளைக்கு எங்க வீட்டு நிச்சயத்துக்கு நாங்களும் போடலாம்ல?"

"கொஞ்சம் பொறு மல்ஹா" என்றேன். அவள் முகம் சுருங்கியது. நிற்க எனக்கு நேரமில்லை.

ஃபெரூஜா அக்கா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "என்னடீ, நாய் துரத்துன மாதிரி வர்ற?"

முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போடு, கேப்போம்" என்றாள்.

"வேணாம்க்கா."

"போடுடீ."

போட்டேன். மாவுக் கையோடு குனிந்து கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"நான்தான்."

"ஆமாக்கா. வீடியோவக் குடுத்தது நான். இதுக்குன்னு தெரியாம..."

அவள் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. "பாதியில வெட்டிட்டானே" என்றாள்.

"என்னது?"

"இது முடியலடீ. அன்னிக்கு மூச்சு முட்டுற வரைக்கும் போட்டேன். போதும்மான்னு கிலெஸ் காதைப் பொத்திக்கிட்டான். இவன் 'எழுந்தார்'ங்கிறான், அங்கயே கொண்டாந்து வெட்டி வச்சிருக்கான். இப்படிப் போட்டா எவ நம்புவா?"

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. நான் அவள் தோளைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். பிறகு வந்தது. அதே இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்காமல் ஏறியது, மூச்சு தீர்ந்து அவள் தரையில் சரிந்து உட்காரும்வரை. உட்கார்ந்ததும் ஓவென்று அழுதாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மல்ஹாவின் குலவை எழுந்தது. அதற்கு மேல் வீட்டிலிருந்து ஒன்று, கிணற்றடியிலிருந்து ஒன்று. நான் கையில் போனோடு மரம் மாதிரி நின்றேன்.

மூக்கைச் சிந்திக்கொண்டே அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாட்டுக் கட்டுனவ நீ. நீ ஏன்டீ சும்மா நிக்கிற?"