அகிலாண்டத்தின் கெம்பு அட்டிகை

அகிலாண்டத்தின் கெம்பு அட்டிகைக்குத் திருவிடைமருதூர் வட்டாரத்தில் தனி மவுசு. கல்யாண வீடுகளில் பெண்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இந்தப் பழைய வேலைப்பாடு இனி எங்கே கிடைக்கும் என்று பெருமூச்சு விடுவார்கள். அது கவரிங் என்பது அகிலாண்டத்துக்கும் சின்ன மருமகள் பிரகதீஸ்வரிக்கும் மட்டுமே தெரியும். மூத்த மகன் குணசேகரனைச் சிங்கப்பூர் அனுப்ப அசல் அட்டிகை எப்போதோ விலைபோய்விட்டது. நெல் விற்ற பணம் என்று அவனிடம் சொல்லியிருந்தார். அசலைப் போலவே செய்து வாங்கிய கவரிங்கும் இத்தனை வருஷத்தில் பழசாகி, பழங்கால நகையாகவே ஆகிவிட்டது.

படுக்கையில் விழுந்ததும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிவரைக்கும் இத கழட்ட விடாதடி. கழட்டுனா உரசிப் பாப்பாங்க. ஊரு சிரிக்கும்."

"விடமாட்டேன் அத்தை" என்று வாக்குக் கொடுத்தாள் பிரகதீஸ்வரி.

அவர் இறந்த அன்று, உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் பறைமேளத்தோடு எல்லோரும் காவிரிக்குப் போனார்கள். மகள் நீலாம்பாள் மட்டும் முழங்கால் வலி என்று வீட்டில் இருந்துகொண்டாள். குடத்தோடு திரும்பி வந்து பார்த்தால் அத்தையின் கழுத்து வெறுமையாக இருந்தது. கொக்கியைக் கழற்றும்போது பொறுமையில்லாமல் இழுத்திருக்கிறார்கள், தோலில் நீளமாக ஒரு கீறல்.

பிரகதீஸ்வரி கொல்லைப்பக்கம் ஓடினாள். எல்லோருக்கும் முன்பாகவே ஆற்றிலிருந்து திரும்பியிருந்த குணசேகரன், ஈர வேட்டியோடு துவைக்கிற கல்லில் அட்டிகையை உரசிக்கொண்டிருந்தான். பக்கத்து வாளியில் அத்தை கடைசியாகக் கட்டியிருந்த சேலை ஊறிக்கொண்டிருந்தது. நீலாம்பாள் குனிந்து பார்த்தாள். பூச்சு போய்ச் செம்பு பல்லை இளித்தது.

"கூடவே இருந்தவ நீதானே? அசல எங்கடி மாத்துன?" என்று நீலாம்பாள் பாய்ந்தாள்.

பிரகதீஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிணத்தின் கழுத்தில் கைவைத்தவர்கள் அவளைத் திருடி என்கிறார்கள்!

"அசலு சிங்கப்பூர் போயிடுச்சுங்க அண்ணி. அத்தான் ஏஜென்ட்டுக்குக் கட்டுன பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

குணசேகரனின் முகத்தில் வெட்கம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. "அப்ப இத வெச்சு என்ன பண்றது?" என்றான் தங்கையிடம், எரிச்சலோடு.

நீலாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அட்டிகையை முந்தானையால் துடைத்து, உரசிய பக்கம் உள்ளே போகும்படி பிடித்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். நடக்கும்போதே ஒப்பாரி கிளம்பிவிட்டது. குளிப்பாட்டி முடிந்ததும் ஊரே பார்க்க அதை அம்மாவின் கழுத்தில் பூட்டினாள்.

"ஆசையாப் போட்ட நகை! அம்மாவோடயே எரியட்டும், எங்களுக்கு வேணாம்!" என்று குணசேகரன் மார்பில் அடித்துக்கொண்டான்.

கூட்டம் உருகிப்போனது. அடுத்த வீட்டு மெஹராஜ் பேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்தா இப்படிப் புள்ளைங்களப் பெக்கணும் பிரகதி" என்றாள்.

பிரகதீஸ்வரியின் வாயில் எச்சில் கசந்து ஊறியது. துப்பினால் அவர்கள் மேல்தான் துப்புவாள். துப்பினால் காரணம் கேட்பார்கள்.

விழுங்கிக்கொண்டு, "ஆமாக்கா" என்றாள். "அத்தை குடுத்துவெச்சவங்க."