ஆரஞ்சு ஸ்வெட்டர் போட்ட அக்கா

என் அக்கா செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ரொட்டி வாங்கப் போனாள். ஒன்பது மணி வரை நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் ஒன்பது மணி வரை நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சொல்லக் கேவலமாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்த பிறகு இதை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ரொட்டிக்கடை எங்கள் வீட்டிலிருந்து நாலு எட்டுதான். தெருமுனையில் திரும்பினால் கடை. ஆனால் அந்த வாரம் குழாய் பதிப்பதற்காகத் தெருமுனையைத் தோண்டிப்போட்டு, தகரத்தை வைத்து அடைத்து, சுற்றிப் போகச் சொல்லி அம்புக்குறி போட்டிருந்தார்கள். அம்பு காட்டிய வழியில் போயிருக்கிறாள். அது முடிந்த இடத்தில் அடுத்த அம்பை வைக்க எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்கு நாலு வருஷமாகப் பேச்சு வராது. மூளையில் ரத்தம் கட்டி, பிழைத்து வந்தாள். பேச்சும் எழுத்தும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் புரியும். கேலி செய்தால் முறைப்பாள். சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தால் முதுகில் ஒன்று வைப்பாள். ஆனால் என் வீடு எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்க முடியாது. அதோடு வலிப்பு வேறு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் விட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக வலிப்பு வரும், அப்புறம் மிச்சமிருக்கிற நினைவுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமைக் காலை மாத்திரை டம்ளர் பக்கத்தில் அப்படியே இருந்தது. ஆக, என் கையில் இருந்தது ரெண்டு நாள்.

நான் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் படம் எடுக்கிறவன். மூட்டை தூக்குகிறவர், மீன் வெட்டுகிற அம்மா, பஸ் கழுவுகிறவர், பள்ளிக்கூட வாட்ச்மேன், யாராக இருந்தாலும் சரி. மூடிக் கிடக்கும் ஒரு கடையின் நீல ஷட்டருக்கு முன்னால் நிற்க வைத்து, "சிரிக்க வேணாம், என்னைத் திட்டணும்னு நினைச்சுக்கிட்டு நில்லுங்க" என்பேன். அப்போதுதான் முகம் முகமாக இருக்கும். அப்புறம் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் நாலைந்து நாள் உட்காருவேன். முகத்தைத் தொட மாட்டேன். ஒரு பருவைக்கூட எடுக்க மாட்டேன். துணியைத் தொடுவேன். வெளுத்துப்போன சட்டையை நல்ல பச்சையாக்குவேன், அழுக்குத் துண்டைச் சிவப்பாக்குவேன். தெருவில் பாதிப்பேர் மண் கலரில் உடுத்திக்கொண்டு திரிந்தால் நான் என்ன செய்ய? கலர்காரர் என்றுதான் எனக்குத் தெருவில் பெயர். கலர் விஷயத்தில் என்னிடம் வாய் கொடுத்தவர்கள் எல்லாரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷம் அக்காவையும் அந்த ஷட்டர் முன்னால் நிறுத்தினேன். திட்ட நினைக்கும்படி அவளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம்தான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பின்னால் நீலம், முன்னால் ஆரஞ்சு ஸ்வெட்டர், அதற்கு மேலே அந்த முறைப்பு. கண்காட்சியில் வாசலிலேயே ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். பத்திரிகையில் வந்தது. அதிலிருந்து தெருவே அவளை ஆரஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டது. வீட்டிலும் ஒன்று பெரிதாக மாட்டிவைத்திருக்கிறேன். தினமும் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். அடுப்படியில் அக்கா நடமாடிக்கொண்டிருப்பாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர் நிதானமான ஆள். என்ன உடை என்று கேட்டார்.

"ஆரஞ்சு ஸ்வெட்டர் சார். காலர் வச்சது, முன்னாடி பட்டன். வெளிய போனா அதைத்தான் போடுவாங்க."

"நல்லாத் தெரியுமா? வீட்ல இருக்கிறவங்க பதட்டத்துல மாத்திச் சொல்லிடுவாங்க. அப்புறம் எங்களுக்குத்தான் அலைச்சல்."

"சார், என் தொழிலே கலர்தான் சார்" என்றேன். பெரிய இவன் மாதிரி என் போனில் அந்தப் படத்தையும் எடுத்துக் காட்டினேன். அவர் ஆரஞ்சு என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

வீட்டுக்குக் கீழே சாவி வெட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு இளையவர், அண்ணே என்று கூப்பிடுவார். கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார். படத்தைப் போட்டு, கீழே 'ஆரஞ்சு ஸ்வெட்டர் அணிந்திருந்தார், பேச வராது' என்று எழுதி, போனில் எல்லாருக்கும் அனுப்பினோம். சின்னத் தாளிலும் எடுத்து பஸ் நிறுத்தத்திலெல்லாம் ஒட்டினோம். போன் வந்துகொண்டே இருந்தது. ஆற்றுப் பாலத்தடியில் ஒரு ஆரஞ்சு என்றார்கள். ஓடினோம், தெரு பெருக்குகிறவருடைய சட்டை. ரயில் நிலையத்தில் ஒரு ஆரஞ்சு என்றார்கள். ஓடினோம், யாரோ ஒரு காலேஜ் பெண். எங்களைப் பார்த்துப் பயந்தேவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் மாத்திரைக் கணக்குப் பார்த்தேன். மூன்று போய் நாலாவதும் போகப்போகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணே, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று சாவிக்காரர் ரொட்டியை நீட்டினார். ரொட்டியைப் பார்த்ததும் குபீரென்று அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்றாவதாக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாவிக்காரரை ரயில் நிலையத்துப் பக்கம் அனுப்பியிருந்தேன். பொது வார்டில் நர்ஸ் என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"பேர் தெரியாம ஒரு அம்மா இருக்காங்க. புதன்கிழமை காலையில ரோட்டோரமா விழுந்து கிடந்தாங்கன்னு கொண்டுவந்தாங்க. இன்னும் நினைவு திரும்பல. வயசு சரியா இருக்கு. ஆனா இந்தப் படத்துல இருக்கிற மாதிரி ஸ்வெட்டர் இல்லையே."

"முகம்?"

"விழுந்ததுல முகமெல்லாம் வீங்கிப்போச்சு சார். எனக்கு ஒண்ணும் பிடிபடல. இருங்க, துணியைக் காட்டுறேன்."

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, உள்ளே இருந்ததை வெளியே இழுத்தார். ஸ்வெட்டர்தான். காலர் வைத்தது. முன்னால் பட்டன். சாம்பல் கலர். துவைத்துத் துவைத்து, சாம்பலா மண்ணா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. உண்மையைச் சொல்கிறேன், வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை நேரம் மனசுக்குள் இது அவளாக இருக்கக் கூடாது, விழுந்து முகம் வீங்கிக் கிடப்பது என் அக்காவாக இருக்கக் கூடாது என்றுதானே வேண்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா. இது எங்க அக்கா இல்ல. எங்க அக்காவோடது ஆரஞ்சு" என்றேன். பஸ் சத்தத்தில் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்துகிறவனுக்கு மெல்லப் பேச வராது. அந்த வார்டுக்கே கேட்டிருக்கும்.

"இந்தத் திரைக்கு அந்தப் பக்கம்தான் சார் இருக்காங்க. எதுக்கும் ஒரு எட்டு முகத்தைப் பாத்துட்டுப் போயிடுங்களேன்."

"வேணாம்மா. கலர் எனக்குத் தப்பாது."

நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவன், அந்த ஒரு முகத்தைப் பார்க்கப் பயந்தேன். பயத்தைக் கலர் மேல் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமான் விழுந்த சத்தம் கேட்டது. நான் படி இறங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, சுவரொட்டி பெரிதாக அடித்து ஊர் முழுக்க ஒட்டுவது என்று அச்சகத்துக்குப் போனோம். அச்சகக்காரர் என் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த ஆரஞ்சு எங்க மையில வராதுங்க. அப்பிக்கிட்டு, முகமும் சேர்ந்து கெட்டுப்போகும். கேமராவுல எடுத்த ஒரிஜினல் இருந்தாக் குடுங்க, நான் பாத்துப் போட்டுக்கறேன்."

ஒரிஜினல் என் பையிலிருந்த ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. போன வருஷத்துக்கு அப்புறம் அதை நான் திறந்ததே இல்லை. திறந்தார். நீல ஷட்டர். முறைப்பு. சாம்பல் ஸ்வெட்டர்.

வேறு ஏதோ படம் என்று நினைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, மஞ்சள் போட்டுப் பார்த்து, சிவப்பு போட்டுப் பார்த்து, கடைசியில் அந்த நீலத்துக்கு ஆரஞ்சுதான் எடுப்பாக இருக்கும் என்று மாற்றினவன் நான்தான். நானே மாற்றி, நானே சுவரில் மாட்டி, ஒரு வருஷம் அதையே பார்த்துப் பார்த்து நானே நம்பிவிட்டேன். அந்த ஒரு வருஷமும் சாம்பல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதே வீட்டில் என் கண் முன்னால் நடமாடியவளை ஒரு நாளாவது பார்த்தேனா?

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணே... அன்னைக்குக் காலையில நான் கடை திறக்கும்போது அக்கா போனாங்க. பாத்தேன். சாம்பல்தான்."

"பாத்துட்டா வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"நீங்க ஆரஞ்சுன்னு அடிச்சுச் சொன்னீங்க. எல்லாரும் ஆரஞ்சக்காங்கறாங்க. என் கண்ணுதான் சரியில்லையோன்னு நினைச்சேன். கலர் விஷயத்துல உங்ககிட்ட யாருண்ணே வாய் கொடுக்கறது?"

அவரை அடிக்கக் கை ஓங்கினேன். எதற்கு அடிக்க? கையை இறக்கி என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. அதே நர்ஸ்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்க அக்காதானா சார்?"

"உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க." அதற்கு மேல் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். "நேத்து நீங்க பேசிக்கிட்டு இருந்தப்பவே அந்தப் பக்கம் எந்திரிக்க ஆரம்பிச்சுட்டாங்க போல. நீங்க போனதும் ஒரே ரகளை. கையில ஏத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி, ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு, இறங்கி ஓடப் பாத்தாங்க. வாயில சத்தம் மட்டும்தான் வருது, பேச்சு வரல. நீங்களே இல்லன்னு சொல்லிட்டீங்களே, புத்தி தடுமாறிப்போச்சுன்னு நினைச்சு ரெண்டு பேர் பிடிச்சுக் கட்டிட்டோம். வாசலைப் பாத்துப் பாத்து அழுதாங்க சார். அது எதுக்குன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

"அப்புறம்?"

"ராத்திரி வலிப்பு வந்துச்சு. நாலு தடவை. வழக்கமா என்ன மருந்து, எத்தனைன்னு தெரிஞ்சிருந்தா டாக்டர் நேத்து மத்தியானமே குடுத்திருப்பாரு. எங்களுக்கு யார் சொல்றது?"

நேற்று மத்தியானம் நான் அந்த மேஜை முன்னால்தான் நின்றேன். மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை, எல்லாம் என் வாயில்தான் இருந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு துணித் திரை. அவள் காதில் என் குரல் விழுந்திருக்கிறது. இது எங்க அக்கா இல்ல என்று நான் சொன்னதும் விழுந்திருக்கிறது.

திரையை விலக்கினேன். கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அப்படியும் அது அவள்தான். ஒரு பார்வை போதும், யாருக்கும் தெரியும். ரெண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். முடிச்சை அவிழ்க்க எனக்கு நெடுநேரம் பிடித்தது.

"அக்கா, நான்தான். மன்னிச்சுடு. என்னை அடி அக்கா" என்றேன். அவள் கையைப் பிடித்து என் முதுகுப் பக்கம் கொண்டுபோனேன். விட்டதும் கை படுக்கையில் விழுந்தது.

திரும்பி என்னைப் பார்த்தாள். தெருவில் முதல் தடவை நிறுத்தும்போது ஆட்கள் என்னைப் பார்ப்பார்கள், யாருய்யா நீ, உனக்கு என்ன வேணும் என்று. கோபம் இருக்காது, பகை இருக்காது, ஒன்றுமே இருக்காது. பதினோரு வருஷமாக ஆயிரக்கணக்கான பேரிடம் பார்த்த பார்வை, எனக்கா தெரியாது? நேற்று வரை அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

நான் அவளிடம் என் பெயரைச் சொன்னேன். அப்புறம் அவள் பெயரையும் சொன்னேன். ரெண்டையும் கேட்டுக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினாள்.