மாக்சீன் அழாத கதை

1

இது நான் கற்பனை செய்த கதையல்ல. ஷெஃபீல்டில் என் பக்கத்து வீட்டுக்காரி மாக்சீன் ஓல்ட்ராய்ட், துணி காயப்போட்டபடியே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னது. 1982-ல் ‘ஈயப் பறவைகள்’ என்ற நியூ வேவ் ராக் இசைக்குழுவில் அவள் டிரம்ஸ் வாசித்தாள். கடைசி இசைத்தட்டைப் பதிவு செய்யும்போதே குழு உடைந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உருக்காலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த அந்த நகரத்தின்மேல் சாம்பல் நிற மழை—’

வேண்டாம். மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது.

2

பழைய கத்திப் பட்டறை ஒன்றின் மாடியில் பதிவு நடந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் கிடந்த மாக்சீன், வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்து, முடித்து வைத்திருந்த எட்டுப் பாட்டுகளையும் போடச் சொன்னாள். தாளம் அவளுடையதாக இல்லை. ஒவ்வோர் அடியும் ஒரே கனம்; மூச்சே இல்லை.

“என் வாசிப்பு எங்கே?”

“அழிச்சாச்சு” என்றார் இசைத்தட்டுக் கம்பெனி லண்டனிலிருந்து அனுப்பிய தயாரிப்பாளர் ஜூலியன். “டிரம் மெஷின்தான் இப்போ எல்லாருக்கும் பிடிக்குது. மனசுல வெச்சுக்காதீங்க.”

பாடகன் கிளைவ், பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுடைய கூட்டாளி, குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்கும் தெரியுமாடா?”

“கம்பெனி சொல்லுச்சு, மாக்ஸ். நான் என்ன பண்றது?”

“வாய் இருக்குல்ல? ஊருக்கே பாடுற வாய்தானே அது?”

3

(இந்த இடத்தில் ‘அவள் கண்கள் குளமாயின’ என்று எழுதியிருந்தேன். அவளுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். மாக்சீன் ஈரத் துண்டை என் பக்கமாக உதறினாள். “யாரு அழுதா? பல்லு வலிச்சுது, அவ்வளவுதான். அடிச்சுடு கண்ணு அந்த வரியை.” அடித்துவிட்டேன்.)

கிளைவை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவன் அப்பாவையும் அண்ணனையும் உருக்காலை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கம்பெனியைப் பகைத்துக்கொள்ள அவனுக்குத் தெம்பு இருந்ததா? எனக்கு இருந்திருக்காது.

4

ஒன்பதாவது பாட்டு பாக்கியிருந்தது. வரியும் மெட்டும் மாக்சீனுடையவை. அவள் தலையசைக்காமல் அதைத் தொட முடியாது.

“மெஷினை நிறுத்து. நாலு பேரும் ஒரே ரூம்ல நின்னு ஒரே தடவை வாசிப்போம். தப்பு வந்தா தப்போடதான். இல்லேன்னா பாட்டே கிடையாது.”

ஜூலியன் சிரித்தார். “அப்படியெல்லாம் இப்ப யாரும் பண்றதில்லம்மா.”

“நான் பண்றேன்.”

வாசித்தார்கள். பாதியில் அவள் வேகம் எடுத்தாள். கிட்டார் வாசித்த மற்ற இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். உச்சியில் கிளைவின் குரல் கிழிந்தது. அவளைப் பார்த்தான். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. அவனும் கிழிந்த குரலோடே, இன்னும் உரக்கப் பாடினான்.

முடிந்ததும், “இன்னொரு தடவை மாக்ஸ், குரல் கிழிஞ்சுபோச்சு” என்றான்.

அவள் ஏற்கெனவே டிரம்ஸின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “கிழிஞ்சதுதான்டா பாட்டு. மத்த எட்டும் தையல்.”

பெரிய டிரம்மை அவள் ஒருத்தியாக இழுத்தபோது கிளைவ் வந்து மறுமுனையைப் பிடித்தான். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அதுதான்.*

* இசைத்தட்டு ஒன்பது பாட்டோடும் வந்தது. விற்கவில்லை. குழு அதற்குள் கலைந்திருந்தது.

5

முடிவு ஒன்று: பல வருடம் கழித்துக் கிளைவ் வந்து கதவைத்—

“அவன் வரலை” என்றாள் மாக்சீன்.

முடிவு இரண்டு: இன்றைய இளைஞர்கள் அந்த ஒன்பதாவது பாட்டைக் கண்டெடுத்து—

“எனக்கு யாரும் மாலை போட வேண்டாம். வியாழக்கிழமை தோறும் சந்துமுனை பப்புல வாசிக்கிறேன். கேக்கறவன் கேக்கட்டும். அதுக்குள்ள என்ன முடிவு?”

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாசகரே, கிளைவ் வந்தால் அவள் திறப்பாளா என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். என் மேசை அதிர்கிறது. இந்தச் சத்தத்தில் யார் கதவைத் தட்டினாலும் கேட்காது. நீங்கள் வேண்டுமானால் தட்டிப் பாருங்கள்.