நடுவுக்கு எட்டாத மருந்து

இப்போது மாமியாரும் இல்லை, சின்னவளும் இல்லை. பொறாமைப்பட ஆளே இல்லாத வீடாகிவிட்டது அது. அன்றைக்கு அப்படியில்லை.

சின்ன மருமகள் வந்த நாளிலிருந்தே பெரியவளுக்கு வயிற்றெரிச்சல்தான். சின்னவள் போட்டுக் கொடுத்தால்தான் மாமியாருக்குத் தேநீர் இறங்கும். போதாக்குறைக்கு, பெரியவள் வருஷக்கணக்காகக் கையொடிய உழைத்த திசுப் பரிசோதனைக் கூடத்திலேயே அவளும் வேலைக்குச் சேர்ந்தாள்.

"உங்க ஓரகத்தி சிரிச்சா கூடமே வெளிச்சமாயிடுது" என்றார் கூடத்து டாக்டர். அப்படியானால் டியூப்லைட்டைக் கழற்றிவிடலாமே என்று பெரியவள் மனசுக்குள் முனகிக்கொண்டாள்.

ஒருநாள் மாமியாரின் மார்பிலிருந்து ஒரு கட்டியை அறுத்தெடுத்தார்கள். புற்றுநோயா இல்லையா என்று கூடம்தான் சொல்ல வேண்டும். "சின்னவ கையாலதான் பாக்கணும்" என்று படுக்கையிலிருந்தே சொல்லியனுப்பியிருந்தாள் மாமியார். சாயங்காலம் சின்னவள் கட்டியை முழுசாக அழுகாமல் காக்கும் ஃபார்மலின் மருந்து ஜாடிக்குள் போட்டு மூடினாள்.

"ஒரு மில்லிமீட்டர் ஊற ஒரு மணி நேரம். நடுவுக்குப் பத்து மில்லிமீட்டர். பத்து மணி நேரம் போதும்க்கா, காலையில ரெடி. அத்தைக்கும் சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள சொல்லியாச்சா? ரொம்ப சந்தோஷம்."

சின்னவள் கிளம்பிப் போய்விட்டாள். இதுவரை குண்டூசித் தலையளவு துணுக்குகளையே கையாண்டவள். அவற்றில் இந்தக் கணக்கு இடிக்காது. ஆனால் ஊறும் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்கு. உடம்பில் இருக்கும்வரை ஒவ்வொரு செல்லுக்கும் மயிரிழை தூரத்தில் ரத்தக்குழாய் உண்டு. அறுத்தெடுத்த பிறகு எதுவானாலும் வெளியிலிருந்துதான் ஊறிப் போக வேண்டும். காலைக்குள் மருந்து நடுவை எட்டாது, நடு அழுகிவிடும்.

அழுகட்டும், என்று நினைத்தாள் பெரியவள். டாக்டர் முன்னால் அந்தச் சிரித்த முகம் கறுப்பதை ஒரு தடவை பார்த்தால் போதும். வாயில் சர்க்கரை போட்டதுபோல் இருந்தது.

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியவள், ஜாடியைப் பார்த்துவிட்டாள். மாமியாரின் பெயர் எழுதிய சீட்டு. அழுகினால் நோய் என்னவென்றே தெரியாமல் போகும். மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும்.

"சனியன்" என்றாள். யாரை என்று அவளுக்கே தெரியாது. டாக்டரைப் போனில் பிடித்து அனுமதி கேட்டு, கட்டியை ஏடு ஏடாகக் கீறி, மருந்தில் திரும்பப் போட்டாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை. மாமியார் சின்னவளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜாடியைத் திறந்த அன்று காலையிலேயே கீறல்களைப் பார்த்து டாக்டரிடம் விசாரித்திருந்த சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் இல்லை அத்தை. நான் தப்பாக் கணக்குப் போட்டுக் கெடுக்கப் பார்த்தேன். அக்காதான் காப்பாத்தினாங்க."

மாமியார் பெரியவள் பக்கம் திரும்பினாள். பெரியவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்து நின்றாள்.

"பாத்தியா பெரியவளே, தன் தப்பைத் தானே சொல்றா! இந்த மனசு யாருக்கு வரும்?"

"யாருக்கும் வராது அத்தை" என்றாள் பெரியவள்.