முதுகுப் பக்கத்துக் காட்சி

சஞ்சீவனின் படத்தில் எல்லாருக்கும் வாத்தியாராக நடிக்கத்தான் விருப்பம். அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில், சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தேநீர்க் கடைக்குள் நுழைந்து போராடிய கதை அது. மற்றவர்களுக்குத் தேநீர் கிளாசில், அவர்களுக்குச் சோடாப் போத்தலில் என்றிருந்த காலம். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் உட்கார வாங்குகளைப் போட்டுக் கடையும் தயாராகிவிட்டது. ஆனால் போராடியவர்களாக நடிக்க ஓர் ஆளும் வரவில்லை. நடித்தால், இவர் ஒருவேளை அந்தச் சாதிப் பகுதியோ என்று ஆக்லாந்துச் சனம் கதைக்குமே.

அதனால் கதையே மாறிப்போனது. வாத்தியார் அவர்களுக்காக நீளமாகப் பேசுவார், கடைக்காரர் மனம் இளகுவார், கிளாஸ் வரும்.

"போராடின ஆக்களை முதுகுப் பக்கமா எடுப்பம். தலையைக் குனிஞ்சபடி இருந்தால் முகம் தெரியாது," என்றான் சஞ்சீவன்.

விளக்குப் பிடிக்க வந்திருந்த கேதீஸ்வரனுக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய அப்பா அப்படியொரு கடைக்குள் போய் அடி வாங்கியவர். வீட்டுக்கு வெளியே அதை ஒருவரிடமும் கேதீஸ்வரன் சொன்னதில்லை. இப்போது சொன்னால் பெரிய வில்லங்கம்: வாத்தியாராக நடிக்கும் ஏரம்பமூர்த்தியின் மகனுக்குத்தான் தன் மகள் அஸ்வினியைக் கலியாணம் பேசியிருந்தது.

வெளியே போய் மகளுக்கு ஃபோன் எடுத்தார். தான் நடிக்க நினைப்பதைச் சொன்னார். இதற்காக அவர்கள் வேண்டாமென்றால் அதை இப்போதே தெரிந்துகொள்ளலாம், நீங்கள் நடியுங்கள் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நான் நடிக்கிறன் தம்பி. ஆனா முகத்தைக் காட்டி எடும்," என்றார் உள்ளே வந்து.

ஏரம்பமூர்த்தி அவரை ஓரமாக அழைத்தார். "உமக்கேன் ஐசே இந்த வேலை? சனம் வேற மாதிரி நினைக்கும்."

"நினைக்கிறது சரிதான் அண்ணை. என்ர அப்பா அடி வாங்கினது இப்படியொரு கடையிலதான்."

ஏரம்பமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டில் கதைக்கவேண்டும் என்று மட்டும் முணுமுணுத்தார். எதைப் பற்றி என்று கேதீஸ்வரன் கேட்கவில்லை.

"ஓம் அண்ணை, கதையுங்கோ."

கமரா ஓடத் தொடங்கியது. கேதீஸ்வரன் வாத்தியாரின் பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. நேரே போய் வாங்கில் உட்கார்ந்து, "ஒரு தேத்தண்ணி. கிளாசில தாரும்," என்றார். கடைக்காரராக நின்ற விநாயகமூர்த்திக்கு அந்த இடத்தில் வசனமே இல்லை. முழித்தார், பிறகு ஊற்றிக் கொடுத்தார்.

"நான் எப்ப வாறது தம்பி?" என்றார் ஏரம்பமூர்த்தி, பேச்சுத் தாளும் கையுமாக.

சஞ்சீவன் கமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அங்கிள். அவர் குடிக்கட்டும்."