ஆறாம் எண் தட்டு

அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரே வாரத்தில் நான்கு பேருக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், வார்டைத் துடைக்கிற அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். 'சுத்தக் குறைவால் நோய் பரவியது' என்று கடிதத்தில் ஒரே வரி.

அக்கா கடிதத்தோடு நேராக லேபுக்கு வந்தாள். அங்கே கிருமி வளர்த்துப் பார்க்கும் டெக்னீஷியனும் அவளும் ஒன்பது வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். ஒருத்தி மாமியாரை இன்னொருத்தி திட்டித் தீர்க்கும் அளவுக்கு நெருக்கம்.

"எங்கையில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு தங்கச்சி. இருந்தா நானே போயிடறேன்."

நீட்டிய கையில் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ப்ளீச்சிங் பவுடர் தின்ற கை.

அந்த நால்வரின் சீழையும் சோதித்தவள் டெக்னீஷியன்தான். நான்கிலும் ஒரே பாக்டீரியா. மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் குலை மாதிரி தெரிவது. ஒரே மருந்துகளுக்குத்தான் நான்கும் மசிய மறுத்தன. ஆக, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இதை எழுதியும் கொடுத்திருந்தாள். வார்டுக்குத் தலைவரான பெரிய டாக்டர் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், ஏதாவது வைரஸாக இருக்கும் என்றார்.

வைரஸ் இவள் கிருமி வளர்க்கிற தட்டில் வளரவே வளராது. அதற்கு உயிருள்ள செல் ஒன்று வேண்டும். உள்ளே புகுந்தால்தான் பெருகும். பாக்டீரியாவுக்கு அந்தத் தயவு தேவையில்லை. அதுவே ஒரு முழுச் செல். தீனியும் இளஞ்சூடும் கிடைத்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்ததை இவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்தாள்.

மூன்று பேருக்குமேல் சீழ் பிடித்தால் புண்ணுக்குப் பக்கத்தில் போகிற எல்லோருடைய கையையும் சோதிக்கலாம் என்று விதி இருந்தது. யாரும் தொடாத விதி. அவள் தொட்டாள். பஞ்சுக் குச்சியோடு வார்டுக்குப் போய்ப் பத்துப் பேர் கையைத் தடவி எடுத்தாள். பெரிய டாக்டர் ஒரு கட்டிலில் கட்டுப் பிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கடைசியாக, லேபில் காத்திருந்த அக்காவின் கையிலும் எடுத்து, தட்டுகளுக்கு எண் மட்டும் போட்டு, சூட்டுப் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் காலை அக்காவின் தட்டில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். யார் தோலிலும் இருக்கிற சாதுவான ரகம். ஆறாம் எண் தட்டில் பொன் நிறப் புள்ளிகள் மொய்த்திருந்தன. மருந்து வைத்து இன்னொரு நாள் பார்த்தாள். அதே கிருமி, அதே முரண்டு. பெயர்ப் பட்டியலைப் பிரித்தாள். ஆறு, பெரிய டாக்டர்.

கிருமி இருப்பது குற்றமில்லை, அது யார் கையிலும் ஏறும். கழுவாத கையோடு கட்டில் கட்டிலாகப் போய்விட்டு, கழுவிக் கழுவியே வெடித்த கையின்மேல் பழியைத் தூக்கிப் போட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முடிவை அப்படியே எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி நிர்வாகி அவளைக் கூப்பிட்டு, பட்டியலைக் கிழித்துவிட்டு 'எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை' என எழுதச் சொன்னார்.

"தெரியலன்னா, அக்கா கடிதத்துல மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?"

"அவங்களத் திரும்ப எடுத்துக்கறோம். விடுங்களேன்."

அவள் விடவில்லை. நோய்த்தொற்று அறிக்கை நோயாளியின் கோப்பில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். பட்டியலோடு சேர்த்து நான்கு கோப்பிலும் ஒவ்வொரு பிரதி வைத்துவிட்டு வந்தாள். உறவினர்கள் படித்தார்கள். அன்று மாலையே நிர்வாகியின் அறையில் சத்தம் கேட்டது.

அதன்பிறகு கட்டு மாற்றும் வேலை கையுறை போட்ட நர்சுகளிடம் போனது. ஐந்தாவது ஆளுக்குச் சீழ் பிடிக்கவில்லை.

அக்காவை போனில் கூப்பிட்டார்கள். வந்தவள் உட்காரவில்லை. "எழுத்துல போட்ட பழிய வாயால எடுத்தா ஆச்சா? எழுதிக் குடுங்க," என்றாள். 'நிர்வாகக் காரணங்களால் ரத்து' என்று எழுதிக் கொடுத்ததை மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பதினோரு நாள் இழுத்தடித்தார்கள். கடைசியில் 'அவர்மேல் எந்தத் தவறும் இல்லை' என்று எழுதி வந்த பிறகுதான் வாளியைத் தொட்டாள். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

டெக்னீஷியனை ரத்தம் எடுக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். ஆள் போதவில்லையாம். அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.