ஆலத்திச் சிவப்பு

எலுமிச்சை நிறம் என்ற சொல்லைக் கேட்டாலே நாகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். காரைக்குடியில் பொம்மைத் தலைக்கு வர்ணம் பூசச் சொல்லி யார் வந்தாலும் அதைத்தான் கேட்டார்கள். இந்த ஊரில் எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறெதுவும் அந்த நிறத்தில் இல்லை என்பது அவள் கட்சி. இருந்தாலும் கேட்டதைப் பூசிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். புருஷன் தங்கச்சாமி களிமண்ணில் தலை பிடித்துச் சுட்டு, செட்டிமார் வீட்டுச் சுவருக்குப் பூசுகிற அதே கிளிஞ்சல் சுண்ணாம்பை மையாக அரைத்து வெள்ளையடித்துத் தருவான். கண் எழுதுவதும் மேனி நிறம் கூட்டுவதும் அவள் வேலை.

பெத்தாச்சி வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே பேச்சுத்தான் வந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் போலவே ஒரு ஜோடி பொம்மை செய்து, கல்யாணத்துக்கு முன்னாலேயே சீர்த்தட்டோடு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை சாத்தப்பன் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்து சொந்த ஊரான கீழச்சிவல்பட்டியில் இறங்கியாயிற்று. அவன் அனுப்பியிருந்த போட்டோவில் ஆள் பளிச்சென்று இருந்தான். அதைப் பார்த்து அவன் தலையை நாகவல்லி எலுமிச்சை நிறத்திலேயே முடித்து வைத்துவிட்டாள்.

சிக்கல் பெண்ணிடம் இருந்தது. தேனம்மை நல்ல கருப்பு. களையான முகம், ஆனால் கருப்பு. பெத்தாச்சி அதை ஏதோ தன் வீட்டில் மட்டும் நடந்துவிட்ட தவறு போல நினைத்து, மகள் தவழ்ந்த நாளிலிருந்து மஞ்சளை அரைத்து அரைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அம்மிதான் தேய்ந்தது. கடைசியில் மதுரையிலிருந்து வந்த போட்டோக்காரர் பெண்ணின் முகத்தில் மாவை அப்பிப் படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் படம்தான் பினாங்குக்குப் போனது. பொம்மையும் படத்தைப் போலவே இருக்க வேண்டும் என்பது பெத்தாச்சியின் உத்தரவு.

பெத்தாச்சி வீட்டு நடுமுற்றத்தில், வளவில் உட்கார்ந்துதான் நாகவல்லி நிறம் கூட்டினாள். பெத்தாச்சி சமையல்கட்டுப் பக்கம் போன நேரம் பார்த்துத் தேனம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாகவல்லியக்கா, என்னய என் நெறத்துலயே பூசுங்க. போட்டோவுல இருக்கது நானில்ல. அதப் பாத்துத்தான் அவுக சரின்னுருக்காக. தாலி கட்டுறப்ப என்னயப் பாத்து அவுக மொகம் மாறுனா, அதுக்கப்புறம் நான் என்னத்த வாழுறது? இப்பவே தெரிஞ்சு வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்."

நாகவல்லி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அவளும் கருப்புத்தான். தங்கச்சாமி ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்தவனில்லை. ஆனால் கல்யாணத்தன்று மாமியார் விட்ட பெருமூச்சு அவளுக்கு இன்னும் காதில் இருந்தது. சம்பந்தம் கலைந்தால் பழி தன் தலையில்தான் விழும், இந்த ஊரில் பிறகு யாரும் பொம்மை கேட்டு வரமாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்தே சரி என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அந்த நிறம் வரவேண்டுமே. காவிக்கல்லை இழைத்தாள், விளக்குக்கரி சேர்த்தாள், துளி வெள்ளை, துளி மஞ்சள் மண், எல்லாவற்றையும் வேலம்பிசினில் குழைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக்கொண்டு பூசினாள். நிறம் என்னவோ சரிதான். தேனம்மையின் கையோடு வைத்துப் பார்த்தால் அச்சாக அதேதான். ஆனால் தலையில் ஏறிக் காய்ந்ததும் உயிரில்லை. மண் அப்பின முகமாக இருந்தது. இத்தனை வருஷம் பொய் நிறம் பூசிப் பூசி மெய் நிறம் கைக்கு மறந்துபோய்விட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சுரண்டி எடுத்துவிட்டு, தங்கச்சாமியிடம் புதிதாக ஒரு தலைக்கு வெள்ளையடித்து வாங்கி, ஈரம் காயட்டும் என்று வளவு ஓரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சிரட்டையில் கிடந்த கருப்பைப் பெத்தாச்சி பார்த்துவிட்டாள். பொம்பளை நம் பேச்சைக் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபத்தில் அவள் செய்த காரியம்தான் வேடிக்கை. மகளுக்கு என்ன செய்வாளோ அதையே பொம்மைக்கும் செய்தாள். மஞ்சளை அரைத்து எடுத்துவந்து, அந்த வெள்ளைத் தலையின் கன்னத்திலும் நெற்றியிலும் நன்றாகத் தேய்த்துவிட்டாள். தேய்த்த இடமெல்லாம் ரத்தமாகச் சிவந்தது.

மறுநாள் நாகவல்லி வந்தபோது பெத்தாச்சி தூணோரம் ஒதுங்கி நின்றாள். தெய்வக் குத்தம் என்றாள், அபசகுனம் என்றாள், கல்யாணத்தையே தள்ளிவைக்கலாமா என்றுகூடக் கேட்டாள். நாகவல்லி தலையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஆச்சி, ஊர்ல ஒரு கல்யாணம் விடாம ஆலத்தி கரைக்கிற கை ஒங்க கை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்னாகும்னு ஒங்களுக்கா தெரியாது?"

பெத்தாச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். நாகவல்லியின் சிரிப்பும் பாதியில் நின்றது. கன்னத்தில் மஞ்சள் மெலிதாகப் பட்ட இடத்தில் அந்தச் சிவப்பு உள்ளிருந்து வருவது போல இருந்தது. அவள் தேனம்மையைக் கூப்பிட்டு, விரல்களை இறுக மடக்கித் திறக்கச் சொன்னாள். வெளிறிய உள்ளங்கையில் மெல்ல ரத்தம் திரும்பி வந்தது. நேற்றைய சிரட்டையில் தண்ணீர் விட்டு நெகிழ்த்தி, அந்தச் சிவப்பின்மேல் ஒரு கன்னத்தில் மட்டும் துணியால் ஒற்றினாள். கன்னம் உயிர்கொண்டது.

மேல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனே, அடியில் ரத்தம் ஓட வேண்டாமா என்று அவளுக்கு அழுகையும் சந்தோஷமுமாக வந்தது. மஞ்சள் வெயில் பட்டால் வெளுத்துவிடும். அதனால் வேறொரு தலையில் அடியில் காவியை நீர்க்கப் பூசிக் காயவிட்டு, மேலே கருப்பை மெல்லிசாக ஏற்றி, கண் எழுதி முடித்தாள். வைத்ததும் வேலைக்காரர்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள். சாட்சாத் தேனம்மை.

பெத்தாச்சி இன்னொரு தடவை எலுமிச்சை நிறம் என்று ஆரம்பித்தாள். தேனம்மை குரலை உயர்த்தவில்லை.

"ஆத்தா, தட்டுல எதப் போட்டு அனுப்புனாலும், மணையில வந்து ஒக்காரப் போறது நாந்தானே?"

 பெத்தாச்சி பொம்மையின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், மகளுக்குக் காய்ச்சல் என்றால் தொடுவாளே அதே மாதிரி. பிறகு, போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக் காரியஸ்தன் சோணைமுத்து ஜோடிப் பொம்மையை வண்டியில் எடுத்துக்கொண்டு கீழச்சிவல்பட்டிக்குப் போனான். வண்டி திரும்பும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நாகவல்லியும் வீட்டுக்குப் போகாமல் வளவிலேயே கிடந்தாள். சாயங்காலம் வண்டி வந்தது. சோணைமுத்து இறங்கி வந்து துணி மூட்டையை அவிழ்த்தான். உள்ளே ஒரு தலைதான் இருந்தது. பெத்தாச்சி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அது தேனம்மையின் தலை இல்லை. மாப்பிள்ளையின் எலுமிச்சைத் தலை.

"பொண்ணு பொம்மைய மாப்பிள்ளையே வச்சுக்கிட்டாக ஆச்சி. ரொம்ப நேரம் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாக. அப்புறம் இதக் கழட்டிக் குடுத்து, 'எனக்கும் அதே சிரட்டையில தொட்டுப் பூசச் சொல்லு. போட்டோக்காரன் எனக்கும் மாவு அப்பித்தான் எடுத்தான். இத எப்படிச் சொல்றதுன்னு கப்பல் பூராம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்'னு சொன்னாக."

 தூணுக்குப் பின்னாலிருந்து தேனம்மை, கூச்சத்தை எல்லாம் விட்டுவிட்டு, அவுக எம்புட்டு நெறம் என்று கேட்டாள்.

"ஒங்களவிட ஒரு சிட்டிகை கரி கூடத்தான் போடணும், சின்னாச்சி."

நாகவல்லி அந்தத் தலையின் எலுமிச்சை நிறத்தைக் கழுவி எடுத்தாள். சிரட்டையில் காய்ந்து கிடந்த கருப்பில் தண்ணீர் விட்டாள். பெத்தாச்சியே விளக்குக்கரியைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். தேனம்மை ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு, விரலாலேயே கலக்கினாள்.